தோசைக்கல்லும் துப்பாக்கிக் குழலும்: எப்போ கழுவணும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த வாரக் கேள்வி அமெரிக்காவுல, ஒஹாயோவுல இருக்கற ஒரு நேயர்கிட்ட இருந்து வந்தது. சின்ன மெயில்தான். "மான் வேட்டைக்காக ஸ்மோக்லெஸ் மஸில்லோடர் ஒண்ணு வாங்கியிருக்கேன். குறி தப்பாம இருக்கணும்னா குழலை எத்தனை ஷாட்டுக்கு ஒரு தடவை க்ளீன் பண்ணணும்? ஒருத்தர் ஒவ்வொரு ஷாட்டுக்கும்ங்கறார். இன்னொருத்தர் சீசனுக்கு ஒரு தடவை போதும்ங்கறார். யாரை நம்பறது?"

சென்னையில, கோயம்புத்தூர்ல மெட்ரோவுக்கோ பஸ்ஸுக்கோ நின்னுக்கிட்டு இதைக் கேட்கறவங்களுக்கு "இது நமக்கு எதுக்கு?"ன்னு தோணலாம். நியாயம்தான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுல வேட்டையாடறது குற்றம். ஆனா நான் ஒஹாயோவுல சில வருஷம் வேலை பார்த்தவன். அங்க இலையுதிர் காலம் வந்தா ஆபீஸ்ல பாதிப் பேர் இதைப் பத்திதான் பேசுவாங்க. அப்போ காதுல விழுந்ததுலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விவாதம் இது. ஏன்னா "சுத்தமா வெச்சா நல்லா வேலை செய்யும்"னு நாம யோசிக்காமலே நம்பற ஒரு விஷயம் இங்க சரியா வராது.

முதல்ல மஸில்லோடர்னா என்னன்னு பார்த்துடலாம். நம்ம பேப்பர்ல "நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்"னு அடிக்கடி செய்தி வரும் இல்லையா, அந்த வகை. குண்டையும் மருந்தையும் பின்பக்கமா போட முடியாது. குழலோட வாய் வழியா மருந்தைக் கொட்டி, மேல குண்டை வெச்சு, ஒரு நீளக் கம்பியால அடி வரைக்கும் தள்ளிக் கெட்டிக்கணும். அந்தக் கம்பிக்கு ராம்ராட்னு பேரு. ஒரு தடவை சுட்டா மறுபடி முதல்ல இருந்து எல்லாம்.

அமெரிக்காவுல பல மாநிலங்கள் இந்தத் துப்பாக்கிக்குன்னே தனி வேட்டை சீசன் வெச்சிருக்காங்க. பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற ஒரு சீசன்ல சக்கிமுக்கிக் கல்லுல தீப்பொறி தட்டற பழைய ரகத்துக்கு மட்டும்தான் அனுமதி. ஐடியா என்னன்னா, கையில ஒரே ஒரு ஷாட் இருக்கணும், ஆள் கொஞ்சம் நிதானமா இருக்கணும்.

இப்போ மருந்து. இங்கதான் கேள்வியோட வேரே இருக்கு.

பழைய கருமருந்து, அதாவது வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் சேர்ந்தது. எடைக் கணக்குல ஏறக்குறைய 75, 15, 10. எரிஞ்சா இதுல பாதிக்கும் கொஞ்சம் குறைவாத்தான் வாயுவா மாறும். மீதி எல்லாம் திடப்பொருள். கொஞ்சம் புகையா வெளியே போகும், கொஞ்சம் குழலுக்குள்ள கறுப்புப் பசை மாதிரி ஒட்டிக்கும். அந்தக் கறையில பொட்டாசியம் உப்புகள் இருக்கறதால காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்னிக்கே கழுவாம விட்டா, மறுநாள் குழல் உள்ள துரு ஆரம்பிச்சுடும். கறை வேற ஒண்ணும் பண்ணும். குழலோட உள்விட்டத்தைக் குறைச்சுடும். ரெண்டாவது குண்டு கொஞ்சம் இறுக்கமா இறங்கும். அஞ்சாவது குண்டுக்கு ராம்ராட்டை ரெண்டு கையாலும் அமுக்கணும். அதனால கருமருந்துக்காரங்க ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல ஈரத் துணித்துண்டை ஒரு தடவை உள்ள விட்டு எடுப்பாங்க. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணியும் சோப்பும்.

சும்மா ஒரு தகவல். 1857 கலகத்தை ஸ்கூல்ல படிச்சிருப்போம். கொழுப்பு தடவின தோட்டாவைப் பல்லால கடிக்கச் சொன்னாங்க, சிப்பாய்கள் மறுத்தாங்கன்னு. அந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய் வழியா கெட்டிக்கற ரகம்தான். தோட்டாவுல கொழுப்பு எதுக்குன்னு புத்தகத்துல சொல்ல மாட்டாங்க. குழல்ல படிஞ்ச கறையை இளக்கி, குண்டு வழுக்கிக்கிட்டு இறங்கணும்னுதான். அந்தக் கலகத்துக்குப் பின்னாடி நிறைய அரசியல் இருக்கு, எல்லாத்தையும் கறை மேல போட முடியாது. ஆனா அந்தக் கொழுப்பு அங்க வந்ததுக்குக் காரணம் இந்தக் கறைதான்.

1884-ல பிரான்ஸ்ல பால் வியேய் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடிச்சார். பஞ்சு மாதிரி செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்துல பக்குவப்படுத்தினா கிடைக்கற நைட்ரோசெல்லுலோஸ்தான் அடிப்படை. இது எரிஞ்சா கிட்டத்தட்ட முழுசும் வாயு. புகை ரொம்பக் கம்மி, கறையும் ரொம்பக் கம்மி, உப்பு இல்லாததால துருவோட அவசரமும் இல்ல. இதே குடும்பத்துல பிரிட்டிஷ்காரங்க செஞ்ச மருந்துக்கு கார்டைட்னு பேரு. ஊட்டி மலை ரயில்ல போனவங்க குன்னூர் தாண்டினதும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. அங்க இருக்கற கார்டைட் ஃபேக்டரி 20-ம் நூற்றாண்டோட ஆரம்பத்துல இந்த மருந்தைத் தயாரிக்கத்தான் வந்தது.

ஆனா இந்தப் புது மருந்து அழுத்தத்தை ரொம்ப வேகமா, ரொம்ப உயரமா ஏத்தும். அதனால நூறு வருஷத்துக்கும் மேல மஸில்லோடர் உலகத்துக்கு ஒரே கட்டளைதான்: புகையில்லா மருந்தைத் தொடாதே. 2000-க்கு அப்புறம் சாவேஜ் கம்பெனி 10எம்எல்னு ஒரு .50 கேலிபர் துப்பாக்கியை வெளியிட்டாங்க. ஹென்றி பால்ங்கறவர் வடிவமைச்சது. கெட்டிக்கறது வாய் வழியாத்தான், ஆனா குழலும் பின்னடைப்பும் நவீன ரைஃபிளோட பலத்துல இருக்கும். புகையில்லா மருந்தைத் தாங்கும்னு கம்பெனியே சொல்லி வித்த துப்பாக்கி. இப்போ அந்த மாடல் வர்றதில்ல. ஆனா அதைப் பார்த்து தனித்தனிக் கைவினைஞர்கள் செய்யற ஒரு சின்ன உலகமே உருவாயிடுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன். புகையில்லா மருந்துக்குன்னே செஞ்ச துப்பாக்கியா இல்லாட்டி அதுல இந்த மருந்தை ஒரு சிட்டிகைகூட போடக்கூடாது. கருமருந்தை அளக்கற அதே கிண்ணத்துல இதை அளந்து சாதாரண மஸில்லோடர்ல போட்டா குழல் பிளந்து முகத்துக்கு நேரா வரும். கை போனவங்க இருக்காங்க. துப்பாக்கியைத் தயாரிச்சவங்க எழுதிக் கொடுத்திருக்கற மருந்து, எழுதிக் கொடுத்திருக்கற எடை. அதுக்கு மேல வாதமே கிடையாது. மாநிலச் சட்டத்தையும் பாருங்க. கொலராடோவுல மஸில்லோடர் சீசன்ல புகையில்லா மருந்துக்கே தடை.

சரி, இப்போ நேயர் கேட்டதுக்கு வருவோம். அவருக்கு ரெண்டு பேர் ரெண்டு பதில் சொன்னாங்க இல்லையா. "ஒவ்வொரு ஷாட்டுக்கும்"னு சொன்னவர் கருமருந்து உலகத்துல இருந்து வந்தவரா இருக்கும். அங்க அது சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்க கொண்டுவந்துட்டார். "சீசனுக்கு ஒரு தடவை"னு சொன்னவர் உண்மைக்குக் கிட்ட இருக்கார், ஆனா அவரும் முழுசா சொல்லல.

ஏன்னு புரிஞ்சுக்க நம்ம வீட்டு தோசைக்கல்லை நினைச்சுக்கோங்க. இரும்புக் கல்லு. நல்லா பழகின கல்லுல தோசை தானா எழும்பும். யாராவது பொறுப்பா சோப்புப் போட்டுத் தேய்ச்சு வெச்சுட்டாங்கன்னா? மறுநாள் முதல் தோசை பிஞ்சுக்கிட்டு வரும். ரெண்டாவது பரவாயில்ல. மூணாவதுல இருந்துதான் பழைய கல்லு திரும்பி வரும். கல்லு அழுக்கா இருந்தா தோசை நல்லா வரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. கருகின மாவு ஒட்டியிருந்தாலும் பிய்யும். தேய்ச்ச கல்லு, பழகின கல்லு, கருகின கல்லு, மூணும் மூணு விதம். நமக்கு வேண்டியது நடுவுல இருக்கறது.

துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். குறிங்கறது குழல் எவ்வளவு பளபளன்னு இருக்குங்கறதுல இல்ல. நேத்து சுட்டப்போ எப்படி இருந்துச்சோ இன்னிக்கும் அப்படியே இருக்கா, அதுதான் விஷயம்.

பொறியியல் படிச்சவங்க "எதனால?"ன்னு கேட்பாங்க. காரணம் குண்டோட பிடிப்புல இருக்கு. புகையில்லா மருந்து ஒழுங்கா பத்திக்கணும்னா அதை ஏதாவது ஒண்ணு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். திறந்த இடத்துல அது சும்மா எரியும், அவ்வளவுதான். சாதாரண ரைஃபிள்ல பித்தளைத் தோட்டாவோட கழுத்து குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும். இங்க தோட்டாவே இல்ல. குண்டு குழலோட சுவரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற உராய்வு மட்டும்தான். பல பேர் குண்டை சேபோங்கற பிளாஸ்டிக் கிண்ணத்துல உட்கார வெச்சுக் கெட்டிப்பாங்க. பிரெஞ்சுல சேபோன்னா மரச் செருப்பு. அந்தச் செருப்பு சுவரை எவ்வளவு இறுக்கமா கவ்வுதுங்கறதுதான் அழுத்தம் எப்படி ஏறும்னு தீர்மானிக்கும்.

இப்போ குழலை சால்வென்ட் போட்டு, எண்ணெய் பூசி, கண்ணாடி மாதிரி துடைச்சு வெச்சாச்சு. குண்டு வழுக்கிக்கிட்டு இறங்கும். பிடிப்பு கம்மி. அழுத்தம் கொஞ்சம் தாமதமா ஏறும், வேகம் மாறும், குண்டு விழற இடமும் மாறும். எண்ணெயை முழுசா துடைக்காம விட்டிருந்தா அதைவிட மோசம். ஏன்னா வாய் வழியா இறங்கற குண்டு, வழியில இருக்கற எண்ணெயை எல்லாம் வழிச்சுக்கிட்டுப் போய் மருந்து மேல வைக்கும். பின்பக்கமா தோட்டா போடற துப்பாக்கியில இந்தப் பிரச்சினை கிடையாது. அங்க குண்டு குழலுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் பயணம் பண்ணும். மஸில்லோடர்ல ரெண்டு தடவை. கீழ ஒரு தடவை மெதுவா, மேல ஒரு தடவை வேகமா. போன ஷாட் விட்டுட்டுப் போனதையும், நீங்க துடைச்சுட்டு விட்டதையும் ரெண்டு தடவை உரசிட்டுத்தான் போகும்.

ஒண்ணு ரெண்டு ஷாட் போனா சுவர்ல மெல்லிசா ஒரு கரிப்படலம் வரும். பிடிப்பு ஒரு நிலைக்கு வந்துடும். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். அதனாலதான் வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி ரேஞ்சுல ஒண்ணு ரெண்டு குண்டை வீணாக்கறாங்க. ஃபௌலிங் ஷாட்னு சொல்வாங்க. நம்ம முதல் தோசை.

ஒஹாயோவுல என் கூட வேலை பார்த்த ஒரு அண்ணன், அமெரிக்கர்தான், என்னைவிட இருபது வயசு மூத்தவர், அதனால மனசுக்குள்ள அண்ணன்னே கூப்பிட்டுப் பழகிடுச்சு. ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கூட வர்றியான்னு கேட்டார். நாப்பது நிமிஷம் வண்டி ஓட்டினோம். துப்பாக்கியை எடுத்தார், நிதானமா கெட்டிச்சார், 100 கஜத்துல இருக்கற அட்டையில ஒரே ஒரு ஷாட். அப்புறம் பையை மூடிட்டார். "அவ்வளவுதானா?"ன்னு கேட்டேன். சின்ன நோட்டுல தேதி, குளிர் எவ்வளவு, கடைசியா க்ளீன் பண்ணினதுல இருந்து இது எத்தனையாவது ஷாட்னு எழுதினார். அட்டையையும் கழட்டி மடிச்சு உள்ள வெச்சார். அடுத்த வாரமும் அதே அட்டையை மாட்டுவாராம், அதுலேயே அடுத்த ஷாட்.

வண்டியில வர்றப்போ காரணம் சொன்னார். மானுக்கு முன்னாடி நீ வரிசையா பத்து ஷாட் சுடப் போறது இல்ல. குளிர்ந்து கிடக்கற குழல்ல இருந்து ஒரு ஷாட். அந்த ஒரு ஷாட் எங்க போகும்னு தெரியாம, சூடான குழல்ல சுட்ட அஞ்சாவது ஷாட் எங்க போச்சுன்னு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

அவரோட அட்டையில நான் பார்த்தது இது. துடைச்ச குழல்ல சுட்ட முதல் ஷாட்டுகள் எல்லாம் தனியா, கீழ ஒரு கூட்டம். துடைக்காத குழல்ல, வேற வேற நாள்ல சுட்ட முதல் ஷாட்டுகள் எல்லாம் மேல, நடுப்புள்ளிக்குப் பக்கத்துல இன்னொரு கூட்டம். அதாவது துடைச்ச குழல் கண்டபடி சிதறல. அதுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு, அது வேற இடம். அவர் துப்பாக்கிக்கு அப்படி. உங்களுதுல மேல போகலாம், வித்தியாசமே தெரியாமலும் போகலாம். சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறாங்கன்னா, மானோட இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சின்னத் தட்டு அளவுதான். அதுல பட்டா சில நொடியில முடிஞ்சுடும். ஒரு சாண் பின்னாடி வயித்துல பட்டா, அது ஓடி, எங்கேயோ புதர்ல படுத்து, மணிக்கணக்கா செத்துக்கிட்டு இருக்கும். வேட்டை பிடிக்குதோ பிடிக்கலையோ, எனக்குப் பிடிக்காது, போறவங்களுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கணும். முந்தின நாள் ராத்திரி ஆசை ஆசையா குழலைத் துடைச்சு எண்ணெய் போட்டுட்டு, காலையில அதே துப்பாக்கியோட காட்டுக்குப் போறவங்களைப் பார்த்தா அந்த அண்ணனுக்குக் கோவம் வரும்.

அப்போ எத்தனை ஷாட்டுக்கு ஒரு தடவை? ஒரு எண்ணைச் சொல்லுன்னு கேட்பீங்க. எண் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. சேபோ போட்டுச் சுடறவருக்கு ஒரு கணக்கு. சேபோ இல்லாம, குழலோட உள்ளளவுக்கே குண்டை அச்சுல தள்ளி அளவெடுத்துச் சுடறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு வேற கணக்கு. அங்க குண்டோட செம்பு உறை நேரா இரும்புல உரசும். செம்பு படியும், கரியும் சேரும். குண்டுக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தலைமுடியோட தடிமன்ல சின்னப் பங்குதான். அதனால கொஞ்சம் படிஞ்சாலே கைக்குத் தெரியும்.

கை. அதுதான் பதில். மஸில்லோடர்ல இருக்கற ஒரு சௌகரியம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி ராம்ராட் உங்களுக்குக் குழலோட நிலைமையைச் சொல்லிடும். வழக்கமா இறங்கற மாதிரி இறங்குதா? விடுங்க, தொடாதீங்க. திடீர்னு ஒரு இடத்துல கெட்டியா நிக்குதா, போன தடவையைவிட அழுத்தம் அதிகமா கேட்குதா? ஒரு துணித்துண்டு, தேவைப்பட்டா லேசா சால்வென்ட், அப்புறம் காய்ஞ்ச துண்டு. வழக்கத்தைவிட லூஸா இறங்குதா? அப்போ சுடாதீங்க. குண்டோ சேபோவோ மாறியிருக்கு, இல்ல குழல்ல எண்ணெய் இருக்கு.

சில பேர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல காய்ஞ்ச துணித்துண்டு ஒண்ணை மட்டும் விட்டு எடுப்பாங்க. அதுவும் சரிதான். ஆனா ரேஞ்சுல அப்படிச் செஞ்சா காட்டுலயும் அப்படியே செய்யணும். ஒரு நாள் துடைச்சு, ஒரு நாள் துடைக்காம இருந்தா எந்த முறைக்கும் அர்த்தம் கிடையாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கணக்கு. பல பேர் மூணு ஷாட் சுடுவாங்க, மூணும் ஒரு இஞ்சுக்குள்ள விழும், "ஆஹா"ம்பாங்க. அடுத்த மூணு ரெண்டு இஞ்ச் ஆயிடும். உடனே "குழல் அழுக்காயிடுச்சு"ன்னு தேய்க்க ஆரம்பிப்பாங்க. அடுத்த மூணு மறுபடி ஒரு இஞ்ச். "பார்த்தியா, க்ளீன் பண்ணினதும் சரியாயிடுச்சு!" இதுல க்ளீனிங்குக்குப் பங்கே இல்லாம இருக்கலாம். எதையுமே மாத்தாம ஒரே துப்பாக்கியில மூணு மூணா சுட்டாலே ஒரு தடவை ஒரு இஞ்சும் இன்னொரு தடவை ரெண்டு இஞ்சும் வரும். மூணுங்கறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஒரு பேட்ஸ்மேனை மூணு இன்னிங்ஸ் வெச்சு டீமை விட்டுத் தூக்கற மாதிரி. அந்த அண்ணன் மாதிரி ஒரே அட்டையில பத்து, பதினஞ்சு சேர்த்துப் பாருங்க. நிஜமாவே கூட்டம் பெருசாகுதுன்னா அப்போ யோசிங்க.

யோசிக்கறப்போகூட முதல் சந்தேகம் குழல் மேல வேண்டாம். சேபோ போடறவங்களுக்குச் சூடுதான் பெரிய எதிரி. சூடான குழல்ல பிளாஸ்டிக் இளகும், பிடிப்பு போயிடும். ஷாட்டுக்கு ஷாட் குழல் ஆறற வரைக்கும் காத்திருக்கணும். வெயில் காலத்துல இது பொறுமையைச் சோதிக்கும்.

ரெண்டாவது சந்தேகம் பின்னடைப்பு. ப்ரீச் பிளக்னு சொல்ற இந்த மரைத் திருகுதான் குழலோட அடியை மூடும். அதுல முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை. பிரைமர்ல இருந்து தீப்பொறி அது வழியாத்தான் மருந்துக்குப் போகணும். நான் கேட்ட வரைக்கும், "குழலை எப்படித் துடைக்கறது"ன்னு பத்துப் பேர் பேசினா அதுல ஒருத்தர்தான் இந்தத் துளையைப் பத்திப் பேசறார். இங்க ரெண்டு விதமா கெடும். கரி அடைச்சுத் துளை சின்னதாகலாம். இல்ல ஒவ்வொரு ஷாட்லயும் பின்னோக்கி வர்ற சூடான வாயு அரிச்சு அரிச்சுத் துளை பெருசாகலாம். எப்படி ஆனாலும் தீ போற அளவு மாறும், குண்டு மேல கீழன்னு சிதறும். நீங்க குழலைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பீங்க. அதனால குழலைத் தொடாத நாள்லயும் ரேஞ்சுல இருந்து வந்ததும் பிளக்கைக் கழட்டி, துளைக்குச் சரியான அளவு டிரில் பிட்டைக் கையால மட்டும் சுத்திக் கரியை எடுங்க. மெஷின்ல மாட்டக்கூடாது. இரும்பு போயிடும். துளை பெருசாயிடுச்சுன்னா அந்தச் சின்ன உதிரியை மாத்திடுங்க. மரையில இறுகாம இருக்கறதுக்கான கிரீஸைத் தடவித் திரும்ப மாட்டுங்க. ஒரு சீசன் முழுக்கக் கழட்டாம விட்டா அடுத்த வருஷம் அது வரவே வராது.

பிளக்கைக் கழட்டினா இன்னொரு லாபம். துடைக்கற கம்பியைப் பின்பக்கமா விடலாம். குழலோட வாய் ஓரம் இருக்கே, குண்டு கடைசியா தொட்டுட்டுப் போற இடம், அதுல ஒரு பக்கம் தேய்ஞ்சா குண்டு வெளியே வர்ற நொடியில ஒரு பக்கமா வாயு முந்திக்கும். குறி போச்சு. கெட்டிக்கறதும் அந்த வாய் வழியா, துடைக்கறதும் அந்த வாய் வழியான்னா அது எவ்வளவுதான் தாங்கும்? அளவுக்கு மீறித் துடைக்கறதால குழல் கெடற வழி இதுதான்.

துடைக்க உட்காரறதுக்கு முன்னாடி உள்ள மருந்து இல்லைன்னு உறுதிப்படுத்திக்கணும். மஸில்லோடரைத் திறந்து பார்க்க முடியாது, அதனால ராம்ராட்ல ரெண்டு கோடு போட்டு வைக்கணும். காலியான குழல்ல முழுசா இறக்கினா வாய் விளிம்புல எங்க நிக்குதோ அது ஒரு கோடு. சரியா கெட்டிச்ச பிறகு எங்க நிக்குதோ அது ரெண்டாவது. ராம்ராட்டை இறக்கிப் பார்த்தா ஒரே பார்வையில தெரிஞ்சுடும், காலியா, கெட்டிச்சிருக்கா, இல்ல மறந்துபோய் ரெண்டு தடவை கெட்டிச்சிருக்கா. குண்டு அடி வரைக்கும் போகாம நடுவுல நின்னுடுச்சுன்னாலும் அந்தக் கோடு காட்டிக் கொடுத்துடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காலி இடம் விட்டுச் சுட்டா குழல் பிதுங்கலாம், வெடிக்கலாம்.

சீசன் முடிஞ்சதும் ஒரு தடவை முழுசா துடைச்சிடுங்க. கரி, செம்பு, பிளாஸ்டிக் எல்லாம் எடுத்து, லேசா எண்ணெய் பூசி வைங்க. அடுத்த சீசனுக்கு முன்னாடி அந்த எண்ணெயைக் காய்ஞ்ச துண்டால முழுசா எடுத்துட்டு, ரேஞ்சுல ஒண்ணு ரெண்டு வீண் ஷாட், அப்புறம் குறி சரிபார்த்துட்டு, சீசன் முடியற வரைக்கும் குழலை விட்டுடுங்க. ஷாட் எண்ணிக்கை பத்தோ முப்பதோ, உங்க கையும் அட்டையும் சொல்லட்டும்.

நடுவுல ஒரு விதிவிலக்கு இருக்கு. மழையோ பனியோ உள்ள போயிட்டா அன்னிக்கே துடைச்சாகணும், மறுநாள் ஒரு வீண் ஷாட் கணக்குல சேர்த்துக்கோங்க. ஒஹாயோ குளிர்ல இன்னொரு வேடிக்கை. வெளியே மைனஸ்ல கிடந்த துப்பாக்கியை ஹீட்டர் ஓடற வீட்டுக்குள்ள கொண்டுவந்தா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் மாதிரி மேலயும் உள்ளயும் வியர்த்துடும். மழையே இல்லாம குழல் நனைஞ்சு போயிருக்கும். அதனால சீசன்ல அந்த அண்ணன் துப்பாக்கியை, பிரைமரை எடுத்துட்டு, சூடேத்தாத கராஜ்ல ஒரு இரும்பு அலமாரியில பூட்டி வைப்பார். சாவி மட்டும் வீட்டுக்குள்ள வரும்.

நேயருக்கு இன்னொரு வேண்டுகோள். நீங்க வாங்கினது செகண்ட் ஹேண்டா புதுசான்னு மெயில்ல எழுதல. செகண்ட் ஹேண்டுன்னா, சுடறதுக்கு முன்னாடியே அந்த பிளக்கைக் கழட்டித் துளையை அளந்து பார்த்துட்டு எழுதுங்க. பழைய ஆள் எதை எத்தனை வருஷம் விட்டு வெச்சிருக்கார்னு அதுல தெரிஞ்சுடும்.